தெருவில் வண்டி கூடினால் நட்பு குறையுமா? ஆப்பிள்யார்ட் ஆய்வு: கேள்வி பதில்

நகரமைப்பு சொல்லிக்கொடுக்கிற பலரும் ஒருமுறையாவது பலகையில் வரைந்து காட்டியிருக்கும் படம் ஒன்று உண்டு. மூன்று தெரு. ஒவ்வொன்றின் இரு பக்கமும் வீடுகள். யாருக்கு யார் பழக்கம் என்று வீட்டுக்கு வீடு ஒரு கோடு. முதல் தெருவில் கோடுகள் சாலையைக் குறுக்கே தாண்டிச் சிலந்திவலை போலப் பின்னிக் கிடக்கும். மூன்றாவது தெருவில் தேடித்தான் பார்க்க வேண்டும். டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஆய்வின் படம் அது. அதைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கட்டடக்கலை மாணவர், கோவை: அக்கா, படத்தைப் பார்த்திருக்கிறேன், கதை தெரியாது. அவர் யார், சரியாக என்ன செய்தார்?

இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் கட்டடக்கலை படித்துவிட்டு அமெரிக்கா போய் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நகரத் திட்டமிடல் படித்தார், அங்கேயே பாடமும் எடுத்தார். அந்த நாட்களில் நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் உடன் சேர்ந்து அவர் எழுதியது நெடுஞ்சாலையில் காரோட்டிப் போகிறவரின் கண்ணுக்கு நகரம் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றி. 1964-இல் புத்தகமாக வந்தது. அதாவது, முதலில் காருக்குள் உட்கார்ந்து ஊரைப் பார்த்தவர் அவர். 1967-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குப் பேராசிரியராகப் போன பிறகுதான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

அப்போது சான் பிரான்சிஸ்கோ நகரம் தனக்கென ஒரு வடிவமைப்புத் திட்டம் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியாக 1969-இல் மார்க் லின்டெல் என்பவரோடு சேர்ந்து பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் மூன்றை எடுத்தார்: ஆக்டேவியா, கோஃப், ஃபிராங்க்ளின். வீடுகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். வண்டிக் கணக்கு மட்டும் வேறு. ஆக்டேவியாவில் நாளுக்கு 2,000, கோஃபில் 8,000-க்கு மேல், ஃபிராங்க்ளினில் ஏறக்குறைய 16,000.

தெருவுக்குள் உங்களுக்கு எத்தனை நண்பர்கள், முகம் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு எத்தனை பேர் என்று கேட்டார். அமைதியான தெருவில் ஆளுக்குச் சராசரி 3 நண்பர்கள், 6.3 அறிமுகங்கள். நடுத்தரத் தெருவில் 1.3, 4.1. நெரிசல் தெருவில் 0.9, 3.1. ஒரு நண்பர்கூட முழுசாக இல்லை. கட்டுரை 1972-இல் வெளிவந்தது, இன்னும் பல நகரங்களைச் சேர்த்து விரித்து எழுதிய 'லிவபிள் ஸ்ட்ரீட்ஸ்' (வாழத் தகுந்த தெருக்கள்) என்ற புத்தகம் 1981-இல்.

புள்ளியியல் ஆசிரியர்: மேடம், எத்தனை பேரிடம் கேட்டார்? அதைச் சொல்லாமலே எல்லோரும் 3, 1.3, 0.9 என்று ஒப்பிக்கிறார்கள்.

நியாயமான கோபம். தெருவுக்கு 12 பேர், மொத்தம் 36. இளையவர், நடுவயது, முதியவர் என்று வயது பிரித்து எடுத்தார். 36 பேரை வைத்துக்கொண்டு தசமப் புள்ளிவரை பேசுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். எண்ணை அப்படியே எடுத்துப் போய் இன்னோர் ஊரில் ஒட்டக் கூடாது. ஆனால் நண்பர் எண்ணிக்கை அந்த ஆய்வில் ஒரு துண்டுதான். ஒவ்வொருவரிடமும் இரைச்சல், பயம், குழந்தைகள், தெருவைப் பற்றிய ஞாபகம், வீடு எதுவரை என்று பலதும் கேட்டார்கள். எல்லாப் பதில்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதுதான் அதன் பலம்.

வாடகை வீட்டில் இருப்பவர்: நெரிசலான தெருவில் வாடகைக்காரர்கள்தானே அதிகம்? வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவனுக்கு எங்கே நண்பன்? வண்டியைக் குறை சொல்வானேன்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஆக்டேவியாவில் குழந்தை குட்டியோடு குடும்பங்கள், பலருக்குச் சொந்த வீடு. சராசரியாக 16 வருஷம் அங்கே இருந்தவர்கள். ஃபிராங்க்ளினில் பெரும்பாலும் வாடகைக்காரர்கள், சராசரி 8 வருஷம், குழந்தைகள் அநேகமாக இல்லை. ஆகவே நட்பு குறைந்ததற்கு வண்டி மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அடுத்த கேள்வியையும் கேளுங்கள். குழந்தைகள் ஏன் அங்கே இல்லை? ஆப்பிள்யார்ட் இதை மறைக்கவில்லை, அதையே கண்டுபிடிப்பாக வைத்தார். வண்டி பெருகப் பெருக, முடிந்தவர்கள் கிளம்பிவிடுகிறார்கள், முதலில் குழந்தை உள்ளவர்கள். முடியாதவர்களும் கவலைப்படாதவர்களும் மிஞ்சுகிறார்கள். தெரு தன் ஆட்களைத் தானே சலித்து எடுக்கிறது. வாடகைக்காரர்கள் சேர்ந்ததும் வண்டியின் வேலையாக இருக்கலாம், இல்லை ஏற்கெனவே அப்படி இருந்த தெருவாகவும் இருக்கலாம். ஒரே சமயத்தில் மூன்று தெருவைப் பார்ப்பதால் எது முந்தி, எது பிந்தி என்று பிரிக்க முடியாது. பத்து வருஷம் ஒரே தெருவைத் தொடர்ந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: அம்மா, நான் 30 வருடமாகப் பிரதான சாலையில்தான் குடியிருக்கிறேன். எங்கள் வரிசையில் யாரும் புகார் சொன்னதில்லை. பழகிவிட்டது. இதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்?

ஐயா, பழகிவிட்டது என்பது உண்மை. ஆனால் எப்படிப் பழகினீர்கள்? முன்னறை ஜன்னலைத் திறந்து எத்தனை நாள் ஆகிறது? படுக்கை எந்தப் பக்கம்? தெருவைப் பார்த்த அறையில் யாராவது படிக்கிறார்களா? ஃபிராங்க்ளின் தெருவிலும் இதுதான் நடந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் வாழக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஒரே நாளில் விட்டுக்கொடுக்கவில்லை அல்லவா. புகார்ப் பெட்டி காலியாக இருப்பதை வைத்துத் தெரு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டும் அதிகாரிகளோடு எனக்குத் தீராத சண்டை இதனால்தான்.

இல்லத்தரசி, திருச்சி: 'வீடு எதுவரை' என்று கேட்டதாகச் சொன்னீர்களே, அது என்ன கேள்வி? வீடு கதவுவரைதானே?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். உங்களுடையது என்று நீங்கள் நினைக்கிற இடம் எதுவரை, காட்டுங்கள் என்று கேட்டுப் படத்தில் குறித்துக்கொண்டார்கள். ஆக்டேவியாக்காரர்கள் பலருக்கு முழுத் தெருவும் தங்களுடையது. ஃபிராங்க்ளினில் அந்த எல்லை சுருங்கிக் கட்டடத்தோடு நின்றது, சிலருக்குத் தம் குடியிருப்புக் கதவோடேயே நின்றது. பத்திரத்தில் இருப்பது ஒரே அளவு. மனசில் இருப்பது வேறு.

நீங்களே யோசியுங்கள். காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறீர்கள் என்றால் அந்த இடம் பத்திரப்படி மாநகராட்சியுடையது. ஆனாலும் அது உங்கள் வாசல். அங்கே ஒரு குப்பை கிடந்தால் நீங்கள் எடுப்பீர்கள். நெரிசல் சாலையில் அந்த வாசல் உள்ளே போய்விடுகிறது, கோலம் படிக்கட்டுக்கோ கிரில் கேட்டுக்குப் பின்னாலோ ஏறிவிடுகிறது. தெருவை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோதும் இதே வித்தியாசம் வந்தது: அமைதியான தெருக்காரர்கள் சின்னச் சின்ன விவரங்களோடு சொன்னார்கள், நெரிசல் தெருக்காரர்களுக்கு அவ்வளவு ஞாபகமில்லை.

பொறியாளர்: இரைச்சல் எவ்வளவு? எலக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஃபிராங்க்ளினில் 45 சதவீத நேரம் 65 டெசிபெலுக்கு மேல். ஆக்டேவியாவில் 5 சதவீதம். எலக்ட்ரிக் வண்டி மெதுவாகப் போகும்போது சத்தம் குறையும், சரி. வேகம் எடுத்தால் எஞ்சினைவிட டயர் உராயும் சத்தம்தான் மேலே வரும். ஆனால் சத்தத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் ஃபிராங்க்ளினில் மணிக்கு 900 வண்டி. நாலு விநாடிக்கு ஒன்று. ஆக்டேவியாவில் மணிக்கு 200, பதினெட்டு விநாடிக்கு ஒன்று. பதினெட்டு விநாடியில் எதிர்வீட்டுக்காரரிடம் "என்ன, ஊரிலிருந்து எப்போ வந்தீங்க?" என்று கேட்டுப் பதிலும் வாங்கிவிடலாம். நாலு விநாடியில் கையைத்தான் ஆட்டலாம். சத்தமே போடாத வண்டியாக இருந்தாலும் நாலு விநாடி நாலு விநாடிதான்.

ஆய்வு மாணவர்: வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜோஷுவா ஹார்ட் 2008-இல் முதுகலை ஆய்வாகச் செய்தார். அமைதியான தெருவில் 5.35 நண்பர்கள், நெரிசல் தெருவில் 1.15. நாற்பது வருஷம் கழித்து, வேறு நாட்டில், ஃபிராங்க்ளினை விட மோசமான நெரிசலில். அளவு மாறினாலும் சரிவு அதே சரிவு.

கார் ஓட்டுநர்: ஒரு தெருவை அடைத்தால் வண்டி அடுத்த தெருவுக்குப் போகும். உங்கள் நிம்மதிக்கு நாங்கள் சுற்றிப் போக வேண்டுமா?

போகும். ஆப்பிள்யார்ட் பாடம் நடத்திய பெர்க்லி ஊரிலேயே இந்தச் சண்டை நடந்தது. 1970-களின் நடுவில் நகராட்சி குடியிருப்புத் தெருக்களின் முனைகளில் கான்கிரீட் தடுப்புகளைக் கொண்டுவந்து வைத்தது. குறுக்குவழியாகப் பாய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு ஆத்திரம். தடுப்புகளை எடுக்கச் சொல்லி வாக்கெடுப்புவரை போனார்கள், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வழக்கு. 1982-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இப்படித் தடுப்பு வைக்க நகராட்சிக்கு மாநிலச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றது. அப்புறம் சட்டத்தையே திருத்தினார்கள். தடுப்புகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

உங்கள் புகாரில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். வசதியுள்ளவர்கள் தங்கள் தெருவை அடைத்து, ஏற்கெனவே திணறும் பெரிய சாலைவாசிகள் தலையில் இன்னும் ஆயிரம் வண்டியைத் தள்ளினால் அது அநியாயம். அதனால் ஒரு தெருவை மட்டும் தனியாகத் தொடக் கூடாது, பேட்டை முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் மிச்சம் பிடிக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தெரு தன் வாசலைக் கொடுக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: குழந்தைகளைப் பற்றித் தனியாக ஏதாவது?

ஆப்பிள்யார்டின் மகன் புரூஸ், அவரும் இப்போது நகரத் திட்டமிடல் பேராசிரியர், கலிஃபோர்னியாவில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளிடம் உங்கள் பேட்டையை வரையுங்கள் என்று தாள் கொடுத்தார். நெரிசலான இடத்துப் பிள்ளைகளின் படங்களில் ஆபத்து, பிடிக்கவில்லை என்ற குறிகள் அதிகம். விளையாடிய இடம் என்று குறிக்க அதிகம் இல்லை. காரிலேயே கொண்டுவிடப்படும் பிள்ளைக்குத் தெரு ஜன்னலில் ஓடும் காட்சிதான், திருப்பங்கள்கூட நினைவில் நிற்பதில்லை.

பெயர் வேண்டாம்: டொனால்ட் ஆப்பிள்யார்ட் விபத்தில் இறந்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 1982, ஏதென்ஸ் நகரம். வேகமாக வந்த கார் மோதியது. வயது 54. புத்தகம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இதை 'விதியின் விளையாட்டு' என்று மேடையில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எந்த நெரிசலான ஊரிலும் எந்த நாளிலும் நடக்கிறதுதான் அவருக்கும் நடந்தது.

பேரூராட்சி உறுப்பினர்: மேடம், எங்கள் தெருவை நாங்களே அளக்க முடியுமா? செலவில்லாமல்?

முடியும். காலை எட்டரை முதல் ஒன்பதரை, மாலை ஆறு முதல் ஏழு. ஒருவர் எண்ணட்டும், ஒருவர் எழுதட்டும். டூவீலர், ஆட்டோ, கார், லாரி-பஸ் என்று நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், டூவீலரைத் தனியாக எழுதாவிட்டால் நம் ஊர்க் கணக்கே வராது. குடியிருப்புத் தெருவில் நெரிசலான ஒரு மணி நேரத்தில் போகும் வண்டி அந்த நாள் முழுவதும் போவதில் பத்தில் ஒரு பங்கு என்பது கைக்கணக்கு, ஆக்டேவியாவிலும் அப்படித்தான் இருந்தது. பெரிய சாலை நாள் முழுக்க ஓடுவதால் அந்தப் பங்கு குறையும். பிறகு வீட்டுக்கு ஒருவரிடம் மூன்றே கேள்வி: இந்தத் தெருவில் யார் வீட்டுக்குச் சொல்லாமல் போவீர்கள், யார் பெயர் தெரியும், உங்கள் இடம் எதுவரை. வரைந்து வாங்குங்கள்.

என் மாணவர்களோடு ஒரு சாலையில் இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்து, ரோட்டை அகலப்படுத்தத்தான் அளக்கிறோம் என்று சண்டைக்கு நின்றார். விஷயம் தெரிந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வரிசையில் வீடு வீடாக யார் மகன் எந்த ஊரில் என்ன வேலை என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிர் வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கே ஒரு மருந்துக்கடை இருக்கு" என்றார்.

இன்னொன்று, தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணாதீர்கள். பள்ளி லீவு நாளும் வேண்டாம்.