ஊரில் எழுதிய விடுதலைப் பத்திரம் போதுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். 2018-ல் இந்து முறைப்படி கல்யாணம். அவர் விசைப்படகுத் தொழிலாளி. ஒத்துவராமல் 2023 ஆகஸ்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு ஊர்ப் பெரியவர்கள் அத்துவிட்டதாக முத்திரைத்தாளில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரி சீலும் போட்டார்கள். மகனுக்கு ஆறு வயது, என்னிடம் இருக்கிறான். 12 பவுன் நகை அங்கே. அண்ணன் எனக்கு மறுமணம் பார்க்கிறார். பத்திரம் செல்லுமா?

பதில்: விவாகரத்தாகச் செல்லாது. கணவன் மனைவியைப் பிரித்துவைக்க நோட்டரிக்கு அதிகாரமே கிடையாது. உங்கள் சமூகத்தில் அத்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதாக நிரூபித்தால் இந்து திருமணச் சட்டம் 29(2) ஏற்கும். ஆனால் அதைச் சாட்சி வைத்து நிரூபிப்பது எளிதல்ல. இதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஆனாலும் பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள். எப்போது பிரிந்தீர்கள், அவர் பிரிய ஒப்புக்கொண்டாரா என்பதற்கு அதுவே நல்ல ஆவணம்.

இருவருக்கும் சம்மதம் என்பதால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் கூட்டு மனு போடலாம். ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும். அது உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. ராமநாதபுரத்தில் தாக்கல் செய்யலாம். கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், இருவரின் ஆதார், மகனின் பிறப்புச் சான்று தேவை. கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை என்பதற்காக மனு நின்றுவிடாது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் பாராமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம்.

மனு போட்டு ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி நீதிமன்றத்தில் சம்மதம் சொல்ல வேண்டும் (இதுவே இரண்டாம் வாக்குமூலம்). 18 மாதத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசத்துக்கு வழியில்லாமல், ஜீவனாம்சம், பிள்ளை விவகாரம் எல்லாம் பேசி முடித்திருந்தால், இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்தால் முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. முதல் வாக்குமூலம் முடிந்து ஒரு வாரத்தில் அதற்குத் தனி மனு போடுங்கள். கிடைத்தே தீரும் என்றில்லை, அது நீதிபதியின் முடிவு.

இந்த வழக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் நகையில்தான். படகுச் செலவுக்கு நகையை அடகு வைத்திருப்பார்கள். "தந்துவிடுவேன்" என்ற ஒரே வரியோடு மனு போகும். அப்படி விடாதீர்கள். ஒவ்வொரு உருப்படியும் எத்தனை கிராம், எது எந்த அடகுக் கடையில், யார் பெயர் ரசீதில், வட்டியோடு மீட்கப்போவது யார், எந்தத் தேதிக்குள் என்று மனுவிலேயே எழுத வையுங்கள். நகையை எடைபோட்டு வாங்கிய பிறகே இரண்டாம் வாக்குமூலம். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், ரொக்கமும் அன்றைக்கே டிடியாகக் கைமாறட்டும்.

"பிள்ளைக்கு எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதித் தராதீர்கள். பிள்ளையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை தாய்க்கு இல்லை. அந்த வரி மகனைக் கட்டுப்படுத்தாது, பின்னால் உங்களுக்குத்தான் வாதத் தொல்லை. மாதம் எவ்வளவு, படிப்புச் செலவு யாருடையது, அப்பா எப்போது பார்ப்பது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில் இருப்பார், பள்ளி விடுமுறையும் அதில் வரும். பார்க்கும் நாள்களை அங்கே வைத்தால் இருவருக்கும் வசதி.

அதே தடைக்காலத்தில் வாய்தா வாங்கலாம் என்று நினைப்பார்கள். மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதால் மிஞ்சுவது ஏப்ரல் கடைசியும் ஜூன் தொடக்கமும்தான். மற்ற மாதங்களில் படகு கரையில் இருக்கும் நாளாகத் தேதி கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வாய்தா வராமல் போனால் மனு தள்ளுபடியாகிவிடக்கூடும்.

சம்மதத் தீர்ப்புக்குப் பொதுவாக மேல்முறையீடு இல்லை. ஆனாலும் 90 நாள் கழித்தே மறுமணத்துக்கு நாள் குறியுங்கள். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் குறைந்தது இரண்டு வாங்கி வையுங்கள். குடும்ப அட்டையில் பெயர் மாற்றவும் அது தேவைப்படும்.