20,000 என்று போட்டிருக்கு, இரண்டரைத் தரம்தான் ஏறுது

கேள்வி: என்.சி. வீதியில் 20,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் ஒன்று வாங்கினேன். என் போனின் பேட்டரி 5,000. நாலு தரம் ஏற வேண்டுமல்லவா? இரண்டரைத் தரத்தோடு படுத்துவிடுகிறது. ஏமாந்து போனேனா?
(உவர்மலை வாசகி)

பதில்: இல்லை. நல்ல சாமானைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். கணக்குத்தான் பிழை.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கொள்ளளவு. அந்தச் செல் 3.7 வோல்ட். போனுக்குப் போகிற வயரில் வருவது 5 வோல்ட், அல்லது அதற்கும் மேல். எனவே எம்.ஏ.எச்சை எம்.ஏ.எச்சால் பிரிக்கக் கூடாது, மொத்தச் சக்தியைக் காட்டுகிற அளவான வாட் மணிக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும். 20,000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் 74 வாட் மணி. 3.7-ஐ 5 ஆக்குகிற சுற்றுப்பலகை அதில் பத்துப் பதினைந்து வீதத்தைச் சூடாக்கித் தொலைக்கும். மிச்சம் ஏறக்குறைய 65. போன் தன் பேட்டரிக்குள் அதை ஏற்றும்போது இன்னொரு பங்கு போகும். கடைசியில் 55 அளவில் நிற்கும். உங்கள் போனின் பேட்டரி ஏறக்குறைய 19 வாட் மணி. மூன்று தரத்துக்குச் சற்றுக் குறைவு. சார்ஜில் போட்டபடி வீடியோவும் பார்த்தால் இரண்டரை. வயர் இல்லாமல் மேலே வைத்து ஏற்றுகிற வகை என்றால் அதுவும் வராது.

பவர் பேங்கின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இருக்கிறதா பாருங்கள். நேர்மையான கம்பனி 5 வோல்டில் 12,000, 13,000 என்று அங்கே அச்சிட்டிருக்கும். அந்த வரியே இல்லாத சாமான் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

உண்மையான மோசடி வேறு மாதிரி. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றில் 50,000 என்று போட்டு விற்பார்கள். அதைப் பிடிக்கத் தராசு போதும். டோர்ச் லைட்டில் போடுகிற 18650 என்ற உருளைச் செல்லைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று 48 கிராம் அளவு இருக்கும், மிகத் திறமான செல்லே 3,500 எம்.ஏ.எச்சுக்கு மேல் பெரிதாகப் போகாது. 20,000 வேண்டுமென்றால் ஆறு செல் போட வேண்டும், செல் மட்டுமே முந்நூறு கிராமை நெருங்கிவிடும். 50,000 என்றால் பதினைந்து செல், முக்கால் கிலோவுக்குக் கிட்ட. கடையில் கேட்டு ஒருக்கா நிறுத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எடை கூட்டுவதற்கு உள்ளே மணலும் இரும்புத் தகடும் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் யு.எஸ்.பி மீட்டர். வயருக்கும் போனுக்கும் நடுவில் சொருகினால், எத்தனை வாட் மணி வெளியே வந்தது என்று திரையில் காட்டும்.

கட்டுநாயக்காவால் வெளிநாடு போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். விமானத்தில் கேட்டுக்கொள்ளாமல் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட் மணி, அதாவது 27,000 எம்.ஏ.எச். கைப்பையில்தான் வைக்க வேண்டும், கீழே போகிற பெட்டியில் வைக்கக் கூடாது. உண்மையான 50,000 என்றால் 185 வாட் மணி. அதை ஏற்றவே விடமாட்டார்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய சார்ஜ் ஃபேனில் டைப்-சி ஓட்டைதான் இருக்கிறது. ஆனால் என் போனோடு வந்த இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரைச் சொருகினால் சார்ஜ் ஏறுவதே இல்லை. பழைய சார்ஜர், பழைய வயரில் ஏறுகிறது. கடைக் காக்கா "வயர் பழுது" என்கிறார். வயரோ போனுக்கு நன்றாக வேலை செய்கிறது.
(கிண்ணியா)

பதில்: வயர் பழுதில்லை. ஃபேனைச் செய்தவன் சில சதத்தை மிச்சம் பிடித்திருக்கிறான்.

இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரில், எதிரே ஒரு சாமான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். அதைத் தெரிவிப்பதற்கு, சார்ஜ் ஏறுகிற சாமானின் ஓட்டையில் சி.சி என்ற இரண்டு கால்களிலிருந்து கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். மலிவு ஃபேன், டோர்ச், சேவர், சின்ன ஸ்பீக்கர் பலவற்றில் அந்த இரண்டையும் போடுவதில்லை. சார்ஜருக்கு எதிரே ஆள் இருப்பது தெரியாது, கதவைத் திறக்காது. பழைய அகலமான யு.எஸ்.பி தலை உள்ள சார்ஜர் கேள்வி கேட்காமல் எப்போதும் 5 வோல்டைத் தந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அதில் ஏறுகிறது.

பழைய வயரையே பாவியுங்கள், ஃபேனுக்கு ஒரு கெடுதியும் வராது. திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால், போன் திருத்துகிற கடையில் நுணுக்கமாக ஈயம் வைக்கத் தெரிந்தவர் இரண்டு ரெசிஸ்டரையும் வைத்துத் தருவார். இரண்டு காலையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்ட விடாதீர்கள். அப்படிச் செய்தால் சில வயர்களில் திரும்பவும் இதே கரைச்சல் வரும். இனி வாங்கும்போது உங்கள் சி-சி வயரையும் சார்ஜரையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே சொருகிப் பாருங்கள்.

வயர் பற்றியும் ஒரு சொல். டைப்-சி என்பது தலையின் வடிவம் மட்டுமே. சாதாரண சி-சி வயர் 3 ஆம்ப், 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தலைக்குள் சின்னச் சிப் வைத்த 5 ஆம்ப் வயர் வேண்டும். தெருவோரத்தில் விற்பதில் பலவற்றுக்கு டேட்டாக் கம்பியே இல்லை. சார்ஜ் ஏறும், ஆனால் போனிலிருந்து படம் கணினிக்கு ஏறாது.

கேள்வி: உப்புவெளியில் கடலுக்கு மிகக் கிட்ட வீடு. ஏசி பூட்ட வேண்டும். 'கோல்டன் ஃபின்' என்றால் உப்புக் காற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று கூட விலை சொல்கிறார்கள். உண்மையா?
(உப்புவெளி)

பதில்: அதில் தங்கமில்லை, அலுமினியத் தகட்டின் மேல் ஒரு பூச்சு. பூச்சில்லாததை விட நல்லது. 'ஒன்றும் ஆகாது' என்பதுதான் பொய். வெளி யூனிட்டில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியபடி இருக்கும். நடுவில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். பூச்சு அதைப் பின்போடும். எங்காவது கீறுப்பட்டால் அந்த இடத்தில் தொடங்கும். வாரண்டி அட்டையில் துரு, உப்பு அரிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று காசு கொடுக்க முதல் வாசியுங்கள். பலவற்றில் விலக்கித்தான் வைத்திருப்பார்கள்.

பூச்சை விட யூனிட்டை வைக்கிற இடம் முக்கியம். கடலைப் பார்த்த சுவரில் வைக்காதீர்கள். மாரியில் வாடைக்காற்று கடல் நீரைத் தூவலாக நேரே கொண்டுவந்து அறையும். வீட்டின் மறுபக்கம், கூரை நிழலில், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். கச்சான் காலத்தில் அந்தப் பக்கம் புழுதி அடிக்கும். புழுதியைக் கழுவிவிடலாம். தாங்குகிற இரும்புச் சட்டம்தான் பெரும்பாலும் முதலில் துருவேறும். சட்டமும் ஆணியும் ஸ்டெயின்லெஸ் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொங்கிறீற் மேடை கட்டி அதில் வையுங்கள்.

மாதம் ஒருதரம், மெயினை நிறுத்திவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பால் தகட்டை மெதுவாகக் கழுவுங்கள். வாகனம் கழுவுகிற பிரஷர் மெஷின் தகட்டை மடக்கிவிடும். இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதால் கழுவ வேண்டாம். உப்பைக் கழுவுவதற்கு உப்பையே ஊற்றுவது போலாகிவிடும். குழாய்த் தண்ணீர்தான்.

பூட்ட வருகிறவரிடம் வெக்யூம் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாயில் நிற்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்துப் பதினைந்து, இருபது நிமிடமாவது உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் காஸைத் திறந்து 'புஸ்' என்று விட்டால் போதும் என்பவரை அனுப்பிவிடுங்கள். புதிய ஏசிகளில் வருகிற ஆர்-32 காஸ் தீப்பிடிக்கக் கூடியது, அந்த வேலை அதில் ஆபத்தும் கூட. எல்லாம் முடிந்த பிறகு, வயர் நுழைகிற ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற சுற்றுப்பலகையைப் பழுதாக்குவதில் உப்புக்கு அடுத்தது பல்லியும் எறும்பும்தான்.

கேள்வி: ஸ்டார்லிங்க் எடுத்தால் கரண்ட் போனாலும் நெட் நிற்காது என்கிறார்கள். சரியா?
(குச்சவெளி)

பதில்: பிழை. நெட் வானத்துச் செய்மதியிலிருந்து வந்தாலும், அதைப் பிடிக்கிற சட்டிக்கு (டிஷ்) கரண்ட் வேண்டும். வழமையான சட்டி 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். ரவுட்டருக்கென்று விற்கிற 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ் தாங்காது, இன்வெட்டரும் பேட்டரியும் தேவை. 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியபோது எல்லோரும் வேகத்தைத்தான் கதைத்தார்கள். செய்மதிகள் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுவதால் வீடியோ அழைப்பு தடங்காது என்பது உண்மையே. ஆனால் அவை ஓடிக்கொண்டே இருப்பதால் திறந்த வானம் வேண்டும். ஒரு தென்னோலை குறுக்கே ஆடினாலும் அறுந்து அறுந்து வரும். வாங்க முதல் அவர்களுடைய ஆப்பை இறக்கி, கூரையில் நின்று போனால் வானத்தைச் சுற்றிக் காட்டுங்கள், தடை எங்கே என்று சொல்லிவிடும். உங்கள் வீதியில் ஃபைபர் வந்திருந்தால் ஃபைபரையே எடுங்கள்.

கேள்வி: பெட்டியோடு பாவித்த போன் ஒன்று மலிவாக வருகிறது, பில் இல்லை. வாங்கலாமா?
(மூதூர்)

பதில்: போனில் *#06# அழுத்துங்கள். வருகிற 15 இலக்கம் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். அதுதான் போனின் அடையாள எண், ஐ.எம்.ஈ.ஐ. பிறகு IMEI என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு இலக்கம் வரும், இரண்டையும் அனுப்புங்கள்.