இலவச மென்பொருளும் விளையாட்டும்: எங்கே எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வி: அண்ணா, விஎல்சி பிளேயர் வேணும்னு தேடினா பத்துப் பதினைஞ்சு தளம் வருது. எல்லாத்துலயும் பச்சைக் கலர்ல பெரிய டவுன்லோட் பட்டன். இதுல அசல் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: தேடல் முடிவில் மேலே 'ஸ்பான்சர்ட்' என்ற குறிப்போடு வருபவற்றை முதலில் தாண்டிவிடுங்கள். அவை காசு கொடுத்துப் பிடித்த இடங்கள். 2022-இல் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத் தேடியவர்களுக்கு கூகுளில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்த முகவரி கிம்ப் டாட் ஆர்க், அதாவது அசல் முகவரியேதான். சொடுக்கினால் போய்ச் சேர்ந்ததோ கிலிம்ப் டாட் ஆர்க். பக்கத்தின் தோற்றம் அச்சு அசலாக இருந்தது. இறங்கியது மட்டும் கடவுச்சொற்களைத் திருடும் வைடார் என்ற நச்சுநிரல். ஆகவே விளம்பரத்தில் தெரியும் முகவரியையும் நம்ப வேண்டாம்.

விஎல்சியின் வீடு வீடியோலேன் டாட் ஆர்க். மற்ற மென்பொருள்களுக்கு, விக்கிப்பீடியாவில் அதன் கட்டுரையைத் திறந்து, வலப்பக்கப் பெட்டியில் இருக்கும் இணையதள முகவரி வழியாகப் போங்கள். போனதும் புக்மார்க் செய்துவிட்டால் அடுத்த முறை தேடவே வேண்டாம். ஒரே பக்கத்தில் மூன்று டவுன்லோட் பட்டன் இருந்தால், சொடுக்காமல் சுட்டியை மட்டும் அதன் மேல் வையுங்கள். உலாவியின் கீழ் இடது மூலையில் அது போகும் முகவரி தெரியும். சம்பந்தமில்லாத பெயர் வந்தால் அந்தப் பட்டன் விளம்பரம்.

கேள்வி: சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை நம்பக்கூடாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: பல திட்டங்கள் தங்கள் மென்பொருளை இறக்கக் கொடுக்கும் தளம் அது. நீங்கள் கேள்விப்பட்டது பழைய கதை. 2013-இல் அவர்கள் நிறுவியோடு வேறு மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வருடமே கிம்ப் குழு வெளியேறியது. 2015-இல் கிம்ப்பின் பழைய பக்கத்தைத் தளமே கையிலெடுத்து, விளம்பரம் கலந்த நிறுவியைக் கொடுத்ததும் பெரிய சண்டையானது. 2016-இல் உரிமையாளர் மாறினார், அந்தத் திட்டமும் நின்றது. இன்று பல நல்ல திட்டங்களின் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் சோர்ஸ்ஃபோர்ஜுக்குள் போய்த் தேடாதீர்கள். மென்பொருளின் சொந்தத் தளம் அங்கே அனுப்பினால் மட்டும் போங்கள்.

கேள்வி: புது கம்ப்யூட்டர், விண்டோஸ் 11. முதல்ல என்னென்ன போடலாம்?

பதில்: கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் 7-ஜிப். அது ரார் கோப்பைத் திறக்கும், ஆனால் ரார் கோப்பை உருவாக்காது. படம், பாட்டுக்கு விஎல்சி. அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ். ஓப்பன் ஆபீஸ் இன்னும் இறக்கக் கிடைக்கிறது, ஆனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோன ஒன்றை இப்போது புதிதாகப் போட எந்தக் காரணமும் இல்லை. பிடிஎஃப் படிக்க சுமத்ரா, கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி, திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ், ஒலி வெட்ட ஆடாசிட்டி, வரைய கிரீட்டா. கிரீட்டாவுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலை போட்டிருக்கும். அது திட்டத்துக்கு நன்கொடை போல. அதே மென்பொருள் கிரீட்டாவின் சொந்தத் தளத்தில் இலவசம்.

ஒவ்வொன்றாக இறக்க அலுப்பாக இருந்தால் நைனைட் தளத்தில் வேண்டியவற்றை டிக் செய்யுங்கள். ஒரே நிறுவி எல்லாவற்றையும் டூல்பார், விளம்பரம் இல்லாமல் போட்டுவிடும். விண்டோஸிலேயே இருக்கும், கட்டளை அடித்து மென்பொருள் நிறுவும் விங்கெட்டும் இதே வேலையைச் செய்யும். கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு யூனிகெட்யூஐ என்ற முகப்பு இருக்கிறது.

கணினியைச் சுத்தம் செய்யும், வேகமாக்கும், டிரைவரைப் புதுப்பிக்கும் என்று வருபவை எதுவும் வேண்டாம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் சிசிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் யாரோ நச்சுநிரலைப் புகுத்தி, அது நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையெழுத்தோடே வெளியே போனது. அவ்வளவு ஆழமான அனுமதியோடு ஓடும் ஒரு மென்பொருளிடமிருந்து நமக்குக் கிடைக்கும் பலன் என்ன? தற்காலிகக் கோப்புகளை நீக்க விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியே போதும்.

கேள்வி: கிட்ஹப்ல இருந்து ஒரு சாஃப்ட்வேர் எடுத்தேன். ஜிப்பைத் திறந்தா நூத்துக்கணக்குல ஃபைல், ஆனா ஓட வைக்க ஒண்ணுமே இல்லை.

பதில்: கிட்ஹப் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளம். நீங்கள் எடுத்தது மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய வடிவம், ஓட்டக்கூடிய கோப்பு அல்ல. முதல் பக்கத்தில் இருக்கும் பச்சை 'கோட்' பட்டன் அதைத்தான் தரும். வலப்பக்கத்தில் 'ரிலீசஸ்' என்று இருக்கும், அதற்குள் போய் 'அசெட்ஸ்' பகுதியை விரியுங்கள். அங்கேயும் கடைசியில் 'சோர்ஸ் கோட்' என்று இரண்டு கோப்புகள் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். பெயரில் வின், எக்ஸ்64 என்று இருப்பது இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு. ஏஆர்எம்64 என்பது ஸ்நாப்டிராகன் சில்லு உள்ள மடிக்கணினிகளுக்கு. 'போர்ட்டபிள்' என்றால் நிறுவத் தேவையில்லை, விரித்து அப்படியே ஓட்டலாம். ஆனால் ஜிப்பை முழுதாக விரித்த பிறகு ஓட்டுங்கள். ஜிப்புக்குள் இருந்தபடியே சொடுக்கினால் பக்கத்துக் கோப்புகள் கிடைக்காமல் பிழை காட்டும்.

இன்னொன்று, கிட்ஹப்பில் யாரும் கணக்குத் தொடங்கலாம். பிரபலமான பெயரைக் காப்பியடித்து நச்சுநிரல் வைப்பவர்கள் அங்கேயும் உண்டு. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து வந்த இணைப்பு வழியாகவே போங்கள்.

கேள்வி: டவுன்லோட் பக்கத்துல எஸ்எச்ஏ-256னு நீளமா ஒரு எண் போட்டிருக்காங்களே, அதை வச்சு என்ன செய்யணும்?

பதில்: கோப்பின் கைரேகை அது. ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். 7-ஜிப் போட்டிருந்தால், இறக்கிய கோப்பின் மேல் வலச்சொடுக்கு, அதில் 'சிஆர்சி எஸ்எச்ஏ', அதற்குள் எஸ்எச்ஏ-256. விண்டோஸ் 11-இல் அது தெரியாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள். வரும் எண்ணைப் பக்கத்தில் உள்ளதோடு முழுவதும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் பாதியில் அறுந்த டவுன்லோட்தான். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். மறுபடியும் பொருந்தாவிட்டால் அதை ஓட்ட வேண்டாம். போலித் தளத்தில் போட்டிருக்கும் எண் போலிக் கோப்போடு அழகாகப் பொருந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணை அசல் தளத்திலிருந்து எடுத்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

கேள்வி: வைரஸ்டோட்டல்ல போட்டுப் பார்த்தேன். எழுபது சொச்சத்துல ரெண்டு மட்டும் சிவப்பு. போடலாமா வேண்டாமா?

பதில்: வைரஸ்டோட்டல் ஒரு கோப்பைப் பல ஆன்ட்டிவைரஸ் இயந்திரங்களால் சோதிக்கும் தளம். சிவப்பு காட்டிய அந்த இரண்டு எவை, என்ன பெயர் சொல்கின்றன என்று பாருங்கள். அதிகம் கேள்விப்படாத இரண்டு இயந்திரங்கள் 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்', 'எம்எல்' போன்ற பொதுப்பெயர் சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய திட்டங்களின் புதுப் பதிப்புகளுக்கு இது அடிக்கடி நடக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். எண்ணிக்கை குறைந்தால் நல்லது, ஏறினால் அழித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட், காஸ்பர்ஸ்கை, ஈசெட், பிட்டிஃபெண்டர் போன்றவை ஒரே நச்சுநிரல் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் காத்திருக்கவே வேண்டாம், உடனே நீக்குங்கள்.

அங்கே 650 எம்பி வரைதான் ஏற்ற முடியும். பெரிய விளையாட்டுகளுக்கு எஸ்எச்ஏ-256 எண்ணை மட்டும் தேடல் பெட்டியில் ஒட்டிப் பார்க்கலாம். ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும், அதனால் உங்கள் சொந்த ஆவணங்களை அங்கே போடாதீர்கள்.

இறக்கிய கோப்பை ஓட்டும்போது விண்டோஸ் காட்டும் நீல நிற எச்சரிக்கைப் பெட்டி வேறு விஷயம். அதிகம் பேர் இறக்காத கோப்பு என்றாலே அது வரும், வைரஸ் என்று பொருள் இல்லை. இடம் அசல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் 'மோர் இன்ஃபோ', பிறகு 'ரன் எனிவே'. சந்தேகம் இருந்தால், உங்களுடையது விண்டோஸ் புரோ பதிப்பாக இருக்கும்பட்சத்தில், விண்டோஸ் சாண்ட்பாக்ஸைத் திறந்து அதற்குள் ஓட்டிப் பாருங்கள். சன்னலை மூடினால் உள்ளே போட்டதெல்லாம் போய்விடும். ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை.

கேள்வி: சார், கேம் திறந்தா விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லைன்னு வருது. அந்த டிஎல்எல்லை மட்டும் தர்ற தளம் இருக்கு, அங்கிருந்து எடுத்துப் போடட்டுமா?

பதில்: கூடாது. டிஎல்எல் என்பது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்பு. தனி டிஎல்எல் தரும் தளங்களில் அது எந்தப் பதிப்பு, யார் ஏற்றியது என்று எதுவும் தெரியாது. ஒன்றைப் போட்டால் அடுத்த டிஎல்எல் இல்லை என்று வரும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கிறது. 2015 முதல் வந்த பதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொதி. எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், 32 பிட் விளையாட்டு எக்ஸ்86 பொதியைத்தான் தேடும். பலர் சிக்குவது இங்கேதான்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று வந்தால், மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம், ஜூன் 2010 வெளியீடு. டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இது தனியாக வேண்டும்.

கேள்வி: 4 ஜிபி ராம், இன்டெல் கிராஃபிக்ஸ், பழைய லேப்டாப். இதுல ஓடுற நல்ல ஃப்ரீ கேம் இருக்கா அண்ணா? விளம்பரம் இல்லாம.

பதில்: நிறைய இருக்கிறது, தம்பி. முதலில் பேட்டில் ஃபார் வெஸ்நாத். மாறி மாறி நகர்த்தும் போர் விளையாட்டு, இரு பரிமாணப் படம். எந்தப் பழைய கணினியிலும் ஓடும், கதைத் தொடர்களே மாதக்கணக்கில் தீராது. அடுத்து ஓப்பன்டிடிடி: ரயில், பேருந்து, கப்பல் விட்டு நிறுவனம் நடத்துவது. முதல் முறை திறக்கும்போது படத் தொகுப்பு இல்லை என்று சொல்லும். பதறாமல் இறக்க அனுமதி கொடுங்கள், ஓப்பன்ஜிஎஃப்எக்ஸை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கார் பந்தயத்துக்குச் சூப்பர்டக்ஸ்கார்ட். ஓப்பன்ஜிஎல் 3.3 என்ற கிராஃபிக்ஸ் வசதியைக் கேட்கும். இன்டெல் டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ இன்டெல்லிடமிருந்தோ புதுப்பித்துவிட்டு, கிராஃபிக்ஸ் அளவைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். மைன்கிராஃப்ட் மாதிரி வேண்டுமானால் லுவான்டி. 2024 வரை அதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். திறந்ததும் உள்ளே விளையாட்டே இருக்காது, ஏனென்றால் அது இயந்திரம் மட்டும்தான். 'கன்டென்ட்' பகுதியில் வாக்செலிப்ரே என்பதை இறக்கிக்கொள்ளுங்கள். திணறினால் பார்வைத் தூரத்தைக் குறையுங்கள், முதலில் பலன் தெரிவது அதில்தான்.

0 ஏ.டி. பார்க்க அருமை, பழங்காலப் பேரரசுகளின் போர். ஆனால் உங்கள் கணினியில் ஆட்டம் நீள நீள நொண்டும். படைவீரர் எண்ணிக்கை ஏறும்போது சுமை முழுக்கச் செயலியின் மேல் விழுவதால் கிராஃபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. ஆட்டம் தொடங்கும்போதே மக்கள்தொகை வரம்பை 100-க்கு வைத்துக்கொண்டு சிறிய வரைபடத்தில் ஆடுங்கள்.

கேள்வி: எபிக், ஸ்டீம், இட்ச் மூணுலயும் ஃப்ரீன்னு வருதே, மூணும் ஒண்ணுதானா?

பதில்: இல்லை. மூன்றும் விளையாட்டுகள் கிடைக்கும் தளங்கள்தான், ஆனால் 'ஃப்ரீ' என்பதன் பொருள் ஒவ்வொன்றிலும் வேறு. எபிக் தளத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் 'கெட்' அழுத்திக் கணக்கில் சேர்த்துவிட்டால் அந்த விளையாட்டு உங்களிடமே இருக்கும், உடனே இறக்கவும் வேண்டாம். ஸ்டீமில் 'ஃப்ரீ வீக்கெண்ட்' என்றால் அந்த வாரக்கடைசிக்கு மட்டும். 'ஃப்ரீ டு பிளே' என்றால் உள்ளே கடை விரித்திருப்பார்கள், குழந்தைகளிடம் கொடுக்கும் முன் அட்டை விவரம் சேமித்திருக்கிறதா என்று பாருங்கள். இட்ச்சில் விலையை நாமே போடலாம் என்று வரும் பக்கத்தில் பணம் கேட்கும் பெட்டிக்கு மேலே 'நோ தேங்க்ஸ்' என்று சிறிய எழுத்தில் இணைப்பு இருக்கும், அதுதான் இலவச வழி. அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆகவே புதுக் கணக்கு, கருத்தே இல்லாத பக்கம் என்றால் தள்ளி நில்லுங்கள். உலாவியிலேயே ஆடக்கூடியவற்றில் ஆபத்து குறைவு.

கேள்வி: கிராக் பண்ண கேம் எடுத்தா ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்றாங்க. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு வேற. ஏன்?

பதில்: பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று உலாவியாலும் ஆன்ட்டிவைரஸாலும் பார்க்க முடியாது. விரித்ததும் பிடித்துவிடும் என்பதால் அணைக்கவும் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் எடுக்காதீர்கள்.

கேள்வி: சின்ன வயசுல ஆடின பழைய கேம்கள் சட்டப்படி இலவசமா கிடைக்குமா?

பதில்: சில. பழசு என்பதாலேயே எதுவும் இலவசமாகிவிடாது, உரிமையாளர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003-இல் அப்படி வந்தது. பழைய ஆட்டங்களை ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருளின் தளத்திலேயே கிடைக்கும், அதிலேயே ஓட்டலாம். கமாண்ட் அண்ட் காங்கரின் முதல் ஆட்டத்தையும் ரெட் அலர்ட்டையும் ஈஏ நிறுவனமே 2007, 2008-இல் இலவசமாக வெளியிட்டது. ஓப்பன்ஆர்ஏ போட்டால், முதல் திறப்பில் அந்தக் கோப்புகளை அதுவே இறக்கி, இன்றைய திரைக்கு ஏற்றபடி ஓட்டும். வார்சோன் 2100-ம் 1999-இல் கடையில் விற்ற ஆட்டம், 2004-இல் மூலநிரல் திறக்கப்பட்டது. டூம் சற்றுச் சிக்கல். 1997-இல் இயந்திரத்தின் நிரல் மட்டும்தான் வெளியானது, படங்களும் ஆட்ட நிலைகளும் இன்றும் உரிமை உள்ளவை. அவற்றுக்குப் பதிலாக இலவசப் படங்களும் நிலைகளும் கொண்ட ஃப்ரீடூம் இருக்கிறது.

கேள்வி: வீடியோ எடிட்டர் ஃப்ரீன்னு போட்டிருந்தது. ஒரு மணி நேரம் வெட்டி ஒட்டி முடிச்சு சேவ் பண்ணா நடுவுல அவங்க பேர் வருது!

பதில்: அது சோதனைப் பதிப்பு. 'ஃப்ரீ டவுன்லோட்' என்றால் இறக்குவது இலவசம் என்று மட்டுமே பொருள். எந்த மென்பொருளானாலும் முதலில் பத்து விநாடிக் காட்சியை ஏற்றுமதி செய்து பாருங்கள். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் முத்திரை விழாது. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு மிகத் திறமையானது, ஆனால் 16 ஜிபி ராமும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் இல்லாமல் தொடாதீர்கள். அலுவலகத்தில் போடுவதானால் உரிமத்தையும் பாருங்கள்: இர்ஃபான்வியூ சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம், நிறுவனத்துக்குக் காசு.

கேள்வி: பெரிய ஃபைல் 5 ஜிபி, பென்டிரைவ்ல காப்பி ஆகமாட்டேங்குது. இடம் 20 ஜிபி காலியா இருக்கு.

பதில்: பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். பெரிய கோப்பை இறக்கும்போது இணையம் அடிக்கடி அறுந்தால், லிப்ரே ஆபீஸ், உபுண்டு போன்றவை அதிகாரபூர்வ டோரன்ட் (துண்டு துண்டாக இறக்கும் வழி) தருகின்றன. கியூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகச் சரிபார்ப்பும் நடந்துவிடும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு?

பதில்: எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடை. அதன் சொந்தத் தளத்திலிருந்து ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு) எடுத்து நிறுவினால், உள்ளே எல்லாம் திறமூலச் செயலிகள். சேட்டர்டு பிக்செல் டஞ்சன், அன்சிவ், மைண்டஸ்ட்ரி மூன்றும் இணையம் இல்லாமலே ஓடும், விளம்பரமும் கிடையாது. நிறுவும்போது உலாவிக்குக் கொடுத்த 'அறியாத செயலிகளை நிறுவும்' அனுமதியை வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவிடுங்கள். எஃப்-டிராய்டுக்கு மட்டும் அது இருந்தால் போதும்.