வாசகர் கேள்வி – பதில்: ஹமில்டன் கால்வாயில் படகுப் பயணம்

கேள்வி: பிள்ளைகளோடு ஹமில்டன் கால்வாயில் படகில் போக விரும்புகிறோம். எங்கே ஏறலாம்? எஞ்சின் வழியில் நின்றுவிடும் என்கிறார்களே? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: பமுனுகமவுக்கு அருகே போப்பிட்டியவில் ஏறுங்கள். அங்கிருந்து முத்துராஜவெல சதுப்பும் நீர்கொழும்புக் களப்பும் கிட்ட. 1802–1804இல் ஆங்கிலேயர் வெட்டிய இக்கால்வாய் களனி கங்கையிலிருந்து களப்பு வரை சுமார் 14.5 கிலோமீற்றர். முழுத்தூரமும் போனால் சிறுவர் களைத்துவிடுவார்கள். காலை 6 மணிக்கே புறப்படுங்கள்: பறவைகள் தெரியும், காற்றும் அடங்கியிருக்கும். பிற்பகல் கடற்காற்றில் களப்பில் அலை எழும்.

எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் பொலித்தீனும் ஆகாயத்தாமரையுமே காரணம். அவை நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் சுற்றும். எஞ்சினைக் குளிரவைக்கும் நீரை உறிஞ்சும் துளையையும் அடைக்கும். எஞ்சினிலிருந்து பீறிடும் மெல்லிய நீர்த்தாரை நின்றால் உடனே எஞ்சினை நிறுத்தி, மேலே தூக்கி, அடைப்பை எடுக்கவேண்டும். அப்படியே ஓட்டினால் சூடேறி, நீர் இறைக்கும் இறப்பர் சக்கரம் கருகிவிடும். களப்பு ஆழம் குறைந்தது. வேகமாகப் போனால் சேற்றில் தட்டும். ஆகவே துடுப்பும் நீண்ட கம்பும் படகில் உண்டா என்று பார்த்தே ஏறுங்கள்.

பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கி அவர்கள் அளவுக்கே இருக்கவேண்டும். பெரியவர்களுடையது தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.