எச்டிடிபி வழியாக ரிமோட் ஆர்கைவ்: கிளையன்ட்டைப் புதுப்பித்தால் மட்டும் போதாது

கேள்வி: எங்கள் பில்ட் சர்வருக்கு (நிரலைத் தொகுக்கும் இயந்திரம்) கிட் ரெப்போவின் (கோட் களஞ்சியம்) வரலாறு வேண்டாம், ஒரு டேகில் (பெயரிட்டுக் குறித்த பதிப்பு) உள்ள கோப்புகள் மட்டும் போதும். கோப்புகளை ஒரே பொட்டலமாக்கும் கிட் ஆர்கைவ் கட்டளையில் ரிமோட் என்று எச்டிடிபிஎஸ் முகவரியைக் கொடுத்தால், ‘இந்த புரோட்டோகாலில் இந்தச் செயலுக்கு ஆதரவில்லை’ என்று நின்றுவிடுகிறது. எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) போர்ட்டைத் திறக்க நெட்வொர்க் குழு சம்மதிக்கவில்லை. வேறு வழி உண்டா?

பில்ட் சர்வரில் இருக்கும் கிட் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். எச்டிடிபி வழி ரிமோட் ஆர்கைவ், 2024 பிப்ரவரியில் வந்த 2.44-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் நீங்கள் பார்த்த பிழைச்செய்திதான் வரும், எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை.

இவ்வளவு காலம் ஏன் இல்லை என்று கேட்கலாம். எஸ்எஸ்எச் இரு பக்கமும் பேசிக்கொள்ளத் திறந்தே இருக்கும் ஒரு குழாயைத் தருகிறது. எச்டிடிபியில் ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் ஆர்கைவுக்கு நீண்ட உரையாடலே தேவையில்லை: ‘இந்த டேக், டார் (பல கோப்புகளை ஒன்றாக்கும் வடிவம்) வடிவில்’ என்று ஒருமுறை கேட்டால் சர்வர் பொட்டலத்தை அனுப்பிவிடும். உண்மையில் எச்டிடிபிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆர்கைவை எச்டிடிபியோடு இணைக்கும் வேலையை யாரும் முடித்துத் தராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். சர்வர் பக்கம் எச்டிடிபி கோரிக்கைகளைக் கையாளும் கிட் எச்டிடிபி-பேக்எண்ட், அப்லோடு-பேக் (இறக்க), ரிசீவ்-பேக் (ஏற்ற) என்ற இரண்டு சேவைகளை மட்டுமே அறிந்திருந்தது. இப்போது அப்லோடு-ஆர்கைவ் மூன்றாவதாகச் சேர்ந்திருக்கிறது.

ஆக, சர்வர் பக்கமும் 2.44 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அந்தச் சர்வர் உங்கள் நிறுவனத்துடையது என்றால், அதைப் பராமரிப்பவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்.

இந்தச் சேவை இயல்பாக அணைந்தே இருக்கும். ரெப்போவின் கான்ஃபிக்கில் எச்டிடிபி பிரிவின் கீழ் அப்லோடுஆர்கைவ் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். அடுத்தது வெப் சர்வரின் பாதை விதி. பல இடங்களில் அப்பாச்சி வெப் சர்வரில் காப்பி செய்து ஒட்டிய விதி, அப்லோடு-பேக், ரிசீவ்-பேக் என்று முடியும் முகவரிகளை மட்டுமே பேக்எண்டுக்கு அனுப்பும். புதிய பாதை அதில் இல்லாவிட்டால் கோரிக்கை போய்ச்சேராது. விதியைத் திருத்தும்போதே லாகின் கேட்கும் விதியையும் பாருங்கள். அது பழைய இரண்டு பாதைகளுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், தனியார் ரெப்போவின் கோப்புகள் புதிய பாதை வழியாக யாருக்கும் கிடைத்துவிடும். இதை நான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

மூன்றாவது, நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ப்ராக்ஸி. கிளையன்ட் (உங்கள் பக்கத்து கிட்) நேராக ஆர்கைவ் கேட்பதில்லை. முதலில் அப்லோடு-பேக் சேவையிடம் புரோட்டோகால் பதிப்பை விசாரிக்கிறது, 2-ஆம் பதிப்பு என்று பதில் வந்தால்தான் ஆர்கைவ் கோரிக்கையை அனுப்புகிறது. அந்த விசாரிப்பு கிட்-புரோட்டோகால் என்ற ஹெடரில் (கோரிக்கையின் தலைப்புக் குறிப்பு) போகும். ப்ராக்ஸி அதைக் கழற்றிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே என்று தெரிய, கிட்டின் கர்ல் ட்ரேஸை (எச்டிடிபி கோரிக்கை, பதில்களைக் காட்டும் பதிவு) ஆன் செய்து கட்டளையை ஓட்டுங்கள். 403 வந்தால் பெரும்பாலும் சேவை அணைந்திருக்கிறது. 404 என்றால் பாதை விதியோ, சர்வரின் பழைய கிட்டோ காரணம்.

இவ்வளவும் சரியானபின் ஒரு கமிட் ஹாஷை (ஒரு பதிவைக் குறிக்கும் நீண்ட அடையாள எண்) கொடுத்துப் பார்த்து, மறுபடி மறுக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ரிமோட் ஆர்கைவ் இயல்பாகக் கிளைப் பெயரையும் டேக் பெயரையும்தான் ஏற்கும். எந்தக் கிளையிலிருந்தும் டேகிலிருந்தும் எட்ட முடியாத பழைய கமிட்டுகளை வெளியாட்கள் உருவிவிடக் கூடாது என்பதற்கான தடை அது. நீங்கள் டேகில்தான் வேலை செய்கிறீர்கள் என்பதால் இது உங்களைத் தடுக்காது.

சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது. கிட்ஹப் ரிமோட் ஆர்கைவை எஸ்எஸ்எச் வழியாகக்கூட ஏற்பதில்லை. டேகுக்கான டார், ஜிப் கோப்புகளை இறக்க அது தனி இணைப்பு தருகிறது. அந்தக் கோப்புகளை நம்பி செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) குறித்து வைக்காதீர்கள். கிட் 2.38-இல் ஜிஜிப் சுருக்கும் முறை மாறியது. 2023 ஜனவரியில் அந்த மாற்றம் கிட்ஹப்பில் நடைமுறைக்கு வந்ததும், உள்ளிருக்கும் கோப்புகள் அப்படியே இருந்தும் செக்சம் மாறி, பலருடைய பில்டுகள் உடைந்தன. கிட்ஹப் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்த வழி, எங்கும் ஓடும் வழி, ஆழம் (depth) 1 என்று வைத்து பேர் (bare) குளோன் எடுப்பது. கிளை இடத்தில் டேக் பெயரைக் கொடுங்கள். அந்த ஒரு கமிட் மட்டும் வரும், வேலைக் கோப்புறை உருவாகாது. அப்புறம் அதற்குள்ளிருந்து கிட் ஆர்கைவை உள்ளூரிலேயே ஓட்டி டார் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எக்ஸ்போர்ட்-இக்னோர் (பொட்டலத்தில் சேர்க்காதே) என்று குறித்த கோப்புகள் இதிலும் விலகிவிடும். சும்மா குளோன் எடுத்துக் கோப்புறையைச் சுருட்டினால் அவை விலகாது.

ஒரு துணைக் கோப்புறை மட்டும் வேண்டுமென்றால், ஆழம் 1 உடன் பிளாப் வடிகட்டியும் (தேவையான கோப்புகளின் உள்ளடக்கத்தை மட்டும் இறக்கும்) ஸ்பார்ஸ் செக்அவுட்டும் (தேர்ந்த கோப்புறையை மட்டும் விரிக்கும்) சேர்த்துப் பயன்படுத்துங்கள். இதில் ரெப்போவின் மேல்மட்டக் கோப்புகளும் கூடவே வரும், பில்ட் ஸ்கிரிப்ட் எழுதும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.