அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து ஐ.ஏ.எஸ். படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 25. சொந்த ஊர் பட்டுக்கோட்டை பக்கம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கோவையில் ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கையில் வரும் சம்பளம் 36,000 ரூபாய். ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு 9,500, இன்ஜினியரிங் படிக்கும் தம்பிக்காக வீட்டுக்கு 10,000, ஆர்.டி.யில் 8,000 போக மிச்சம் என் செலவுக்கு. சேமிப்பு 2,40,000 ரூபாய் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே ஒருமுறை யு.பி.எஸ்.சி. பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) எழுதினேன். 88 கேள்விகளுக்கு விடையளித்து, 49 சரி, 39 தவறு. ஓ.பி.சி. பிரிவு.

அப்பாவுக்கு 60 வயது. தனியார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 12 லட்சம் பேங்கில் போட்டிருக்கிறார். பென்ஷன் 3,000 ரூபாய்தான். ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. "வேலையை விட்டுட்டு டெல்லிக்குப் போய்ப் படி, அஞ்சு லட்சம் தர்றேன், பத்தலைன்னா தோப்பை அடமானம் வைப்போம்" என்கிறார். அம்மாவோ வரன் வருகிறது, எனக்கென்று வைத்திருக்கும் 14 பவுன் போதும், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்கிறார். நடுவில் சித்தப்பா போன் செய்யும்போதெல்லாம் "கலெக்டரம்மா எப்போ வர்றாங்க?" என்று கேட்கிறார். வேலையை விடலாமா? அப்பாவின் பணத்தை வாங்கலாமா?

பதில்: அப்பாவின் பணம் வேண்டாம். வேலையை விடலாம், ஆனால் இப்போது அல்ல.

முதலில் அப்பாவின் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டில் எல்லோரும் ஐந்து லட்சத்தைத்தான் செலவு என்று நினைக்கிறீர்கள். இரண்டு வருடம் முழு நேரமாகப் படித்தால் வராமல் போகும் சம்பளம் 8,64,000 ரூபாய். உங்கள் ஹாஸ்டல் செலவையும் கைச்செலவையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மாதம் 18,000 ரூபாய் வீட்டுக்கும் சேமிப்புக்கும் வராமல் நின்றுபோகும். இரண்டு வருடத்துக்கு அது 4,32,000. ஆக டெல்லித் திட்டத்தின் உண்மையான விலை ஐந்து லட்சம் இல்லை, ஒன்பது லட்சத்துக்கு மேல். அதுவும் தோப்பில் கை வைக்காமல்!

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்பு என்றால், 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்ததை எடுத்துவிட்டு மறுபடி கன்று வைத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நெட்டை ரகமாக இருந்தால் இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கியிருக்கும். இத்தனை வருடம் தண்ணீர் விட்டு, உரம் போட்டு வளர்த்ததை, காசு பார்க்கும் நேரத்தில் அடமானம் வைப்பதா? 3,000 ரூபாய் பென்ஷன்காரருக்கு அந்தத் தோப்பும் அந்த 12 லட்சமும்தான் முதுமை. அது உங்கள் தேர்வுக்கான பணமே இல்லை. அவர் ஆசையாகக் கொடுத்தாலும் நீங்கள் வாங்கக் கூடாது.

ஆனால் அவருடைய ஆசையையும் தட்டிவிட முடியாதே! ஒரு வழி இருக்கிறது. 60 வயது முடிந்தவர் என்பதால் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போடலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். ஐந்து வருடத் திட்டம். போடும்போது உள்ள வட்டியே கடைசி வரை கிடைக்கும். 9 லட்சத்தை இதில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் வரும். மீதி 3 லட்சம் அவசரத்துக்கு வங்கியிலேயே இருக்கட்டும். அப்பா உங்களுக்கு உதவ ஆசைப்பட்டால் அந்த வட்டியிலிருந்து உதவட்டும், முதலைத் தொட வேண்டாம். அவருக்கும் மகளைப் படிக்க வைத்த திருப்தி, உங்களுக்கும் ராத்திரி தூக்கம் வரும்.

14 பவுன் விஷயத்தில் அம்மா பக்கம்தான் நான். கல்யாணம் எப்போது என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, அதில் எனக்கு வேலையில்லை. ஆனால் கோச்சிங் கட்டணத்துக்காக நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது. வட்டி கட்ட உங்களிடம் சம்பளம் இருக்காது, வேறு யார் கட்டுவார்?

சரி, தேர்வுக்கு வருவோம். 2024 சிவில் சர்வீசஸ் தேர்வில் பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,83,213 பேர். அதில் அடுத்த கட்டமான மெயின்ஸுக்குப் போனவர்கள் 14,627. கடைசியில் தேர்வானவர்கள் 1,009. அதாவது பிரிலிம்ஸ் எழுதிய 578 பேரில் ஒருவர். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிரிலிம்ஸ் என்ற முதல் வாசலிலேயே நாற்பதில் 39 பேர் திரும்பிவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த வாசலைத் தாண்டும் அறிகுறி தெரியும் முன்பே மாதச் சம்பளத்தை விடுவதுதான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

அந்த அறிகுறி உங்களிடம் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கேள்விக்கு 2 மார்க் வீதம் 49 சரி என்றால் 98 மார்க். தவறு ஒவ்வொன்றுக்கும் அந்த 2 மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு வீதம், 39 தவறுக்கு 26 போய்விட்டது. மிச்சம் 72. 2024-இல் ஓ.பி.சி. கட்-ஆஃப் 87.28. பதினைந்து மார்க் குறைவு என்று பார்க்காதீர்கள். தவறிய 39-இல் சும்மா குத்துமதிப்பாக அடித்த 15-ஐத் தொடாமல் விட்டிருந்தால் 10 மார்க் திரும்பியிருக்கும், 82 ஆகியிருக்கும். அதற்கு மேல் மூன்று கேள்வி கூடுதலாகச் சரியாக எழுதியிருந்தால் 88. வேலைக்கு நடுவே எழுதியவருக்கு இது மோசமில்லை. இதைச் சரிசெய்ய டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. பழைய வினாத்தாள்களை இரண்டு மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதி, ஒவ்வொரு தவறையும் எதற்காக அடித்தோம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். போதும். அப்புறம், இன்ஜினியர்தானே என்று சி-சாட் தாளை (பிரிலிம்ஸின் இரண்டாம் தாளான திறனறித் தேர்வை) அலட்சியம் செய்ய வேண்டாம். அதில் 33 சதவீதம் எடுக்காவிட்டால் முதல் தாளைத் திருத்தியும் பயனில்லை.

இனி என் திட்டம். அடுத்த பிரிலிம்ஸ் மே கடைசியில் என்று வைத்துக்கொண்டால் இன்னும் பத்து மாதம் இருக்கிறது. பிப்ரவரி வரை வேலையில் இருங்கள். ஆர்.டி.யை நிறுத்தாமல் கட்டினால் ஏழு மாதத்தில் 56,000 சேரும். வட்டியோடு கையில் ஏறக்குறைய 3 லட்சம் இருக்கும். பிப்ரவரியில் நீங்கள் இதுவரை பார்க்காத மூன்று வருட வினாத்தாள்களை எழுதிப் பாருங்கள். மூன்றிலும் 95-க்கு மேல் வந்தால் மார்ச்சில் வேலையிலிருந்து இறங்கலாம். வரவில்லையென்றால் இறங்காதீர்கள், வேலையில் இருந்தபடியே எழுதுங்கள். முதலில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். கேட்டால் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன, கேட்காமலே ராஜினாமா எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்று லட்சத்தில் 25,000 டெஸ்ட் சீரிஸுக்கும் புத்தகத்துக்கும். 50,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள், மறுபடி வேலை தேடும்போது சென்னை, கோவை என்று அலைய அது வேண்டும். மிச்சம் 2,25,000. ஊரில் வீட்டோடு இருந்தால் உங்கள் கைச்செலவுக்கு 6,000, தம்பிக்கு வழக்கம்போல் 10,000. மாதம் 16,000 என்றால் 14 மாதம் வரும். மார்ச்சில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை. 2024 தேர்வு ஜூனில் தொடங்கி 2025 ஏப்ரலில்தான் இறுதி முடிவு வந்தது. ஆக ஒரு முழு முயற்சியை, பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்முகம் வரை, யாரிடமும் கை நீட்டாமல் நீங்களே முடித்துவிடலாம். பிரிலிம்ஸிலேயே நின்றுபோனால் ஜூன் மாதமே வேலை தேடத் தொடங்குங்கள், பாதிக்கு மேல் பணம் அப்படியே இருக்கும்.

பி.எஃப்.பில் மட்டும் கை வைக்காதீர்கள். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. எடுக்காமல் விட்டால் வேலையில் இல்லாதபோதும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஓ.பி.சி. என்பதால் 35 வயது வரை ஒன்பது வாய்ப்பு இருக்கிறது என்று அப்பா சொல்லக்கூடும். சரிதான். ஆனால் அது யு.பி.எஸ்.சி. வைத்த வரம்பு. உங்கள் வீட்டு வரம்பை நீங்கள்தான் வைக்க வேண்டும். வேலையை விட்டு எழுதுவது ஒரு முறை, வேலையில் இருந்துகொண்டு எழுதுவது எத்தனை முறையானாலும் சரி என்பது என் யோசனை. இதை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாதம் வேலையை விடுவீர்கள், எவ்வளவு பணம், எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள். அப்பா, அம்மா இருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். கல்யாணப் பேச்சை அந்தத் தேதி வரை தள்ளிவைக்க அம்மா சம்மதிக்கக்கூடும். முடிவே தெரியாத காத்திருப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தோன்றுகிறது. சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் பணமா போகிறது?

பயிற்சிக்குச் செலவு செய்யும் முன் அரசு தருவதைப் பாருங்கள். நான் முதல்வன் திட்டத்தில் நுழைவுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பிரிலிம்ஸுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள். பிரிலிம்ஸ் பாஸானால் 25,000 ரூபாய் தனி. சென்னை கிரீன்வேஸ் சாலையில் அரசின் பயிற்சி மையம் இருக்கிறது, நுழைவுத் தேர்வில் தேறினால் பயிற்சி இலவசம். இந்த அறிவிப்புகளைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டாலே பல ஆயிரம் மிச்சம்.

மாநில அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வைத் 'தோற்றவர்கள் எழுதுவது' என்று அப்பா நினைத்தால் ஒரு விவரம் சொல்லுங்கள். குரூப் 1 தேறி துணை ஆட்சியராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளமும் அதே 56,100. வயது வரம்பும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 39 வரை இருக்கிறது. இடங்கள் குறைவுதான், 2025 அறிவிப்பில் குரூப் 1-க்கு 70. ஆனால் வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் என்று பாடத்தில் பெரும்பகுதி யு.பி.எஸ்.சி.க்குப் படித்ததே. தமிழகம் சார்ந்த பகுதிக்கும் தமிழ்த் தாளுக்கும் தனியாக உட்கார வேண்டும். இன்னொன்று, இங்கே தவறான விடைக்கு மார்க் குறையாது. யு.பி.எஸ்.சி.யில் தெரியாததை விடப் பழகிய கை, இங்கே எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம். மெடிக்கல் இன்ஷூரன்ஸ். ஐ.டி. கம்பெனி குழுக் காப்பீட்டில் அப்பா, அம்மாவையும் சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால், நீங்கள் வேலையை விடும்போது அவர்களுக்கும் அது முடிந்துவிடும். 60 வயதில் புதிதாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. அப்படி மாற்றினால் இதுவரை காத்திருந்த காலமும் கணக்கில் வரும். ஆனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிரீமியத்தை மேலே சொன்ன அப்பாவின் வட்டிப் பணத்திலிருந்து கட்டலாம். ராஜினாமாவைப் பற்றி மேனேஜரிடம் பேசும் முன் எச்.ஆர். பிரிவில் இந்த பாலிசியின் நகலை வாங்கிவிடுங்கள். கூடவே, மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மாநிலத்தின் சாதிச் சான்றிதழை யு.பி.எஸ்.சி. ஏற்காது.