குளிப்பாட்டியும் போகாத தெள்ளுப்பூச்சி

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாயை வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டினால் நான்கைந்து நாள் சொறியாமல் இருக்கிறது, பிறகு பழையபடி வாலடியைக் கடித்துக் கடித்து, அங்கே முடியே கொட்டிவிட்டது. பூண்டு அரைத்துச் சோற்றில் கலந்து கொடுத்தால் தெள்ளு போய்விடும் என்கிறார்களே, கொடுக்கலாமா? அல்லது சொட்டு மருந்துதான் வாங்க வேண்டுமா? வீட்டில் ஒரு பூனையும் உண்டு.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பூண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயத்தைப் போலவே அதுவும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கக்கூடியது.

குளிப்பாட்டிய பிறகும் தெள்ளு திரும்புவதற்கு வேப்பிலையைக் குறை சொல்லிப் பயனில்லை. நாயின் மேல் ஓடுபவை வளர்ந்த பூச்சிகள் மட்டுமே. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் சேர்ந்த மொத்தத்தில் அவை ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை முடியில் ஒட்டாமல் உதிர்ந்து, நாய் படுக்கும் சாக்கிலும் தரை இடுக்குகளிலும் சோபாவின் அடியிலும் புழுவாகி, பின்னர் கூட்டுப்புழுவாகிக் காத்திருக்கின்றன. கூட்டுக்குள் இருப்பதைப் பூச்சிமருந்து எளிதில் எட்டாது. நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் பட்டவுடன் அது வெளியே வந்து தாவி ஏறிக்கொள்ளும். ஆகவே ஒரு தடவை மருந்திட்டு நிறுத்திவிடாமல், குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும்.

வாலடியை நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் இரத்தம்.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைத் தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மாத்திரை என்றால் அஃபாக்சொலேனர் மாதம் ஒன்று போதும்; ஃபுளூராலேனர் ஏறத்தாழ 12 வாரம் வேலை செய்யும். இரண்டுமே எடைக்கேற்ற அளவில் மருத்துவர் தர வேண்டியவை. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள். பூனைக்கும் சேர்த்தே மருந்திட வேண்டும், ஆனால் நாய்க்குரிய மருந்தை அதற்கு விடக் கூடாது. குறிப்பாகப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தவை பூனையின் உயிரையே பறித்துவிடும்.

இயற்கை முறைகளில் நான் மிகவும் நம்புவது வெயிலைத்தான். தெள்ளின் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் ஒதுங்குவது, உலர்ந்தால் செத்துவிடுவது. எனவே சாக்கையும் விரிப்பையும் வாரந்தோறும் கொதிநீரில் அலசிச் சுள்ளென்ற வெயிலில் காயப்போடுவதும், இடுக்குகளை நன்றாகப் பெருக்கிக் குப்பையை உடனே வெளியேற்றுவதும் பாதி வேலையை முடித்துவிடும். வேப்பெண்ணெயின் வாடை ஓரளவு விரட்டும் என்றாலும், அதை அப்படியே பூசினால் புண்ணில் எரியும், நக்கினால் வாந்தியெடுக்கும். கற்பூரம், மண்ணெண்ணெய், ஃபினாயில் ஆகியவற்றை நாயின் உடம்பில் தடவும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, மூன்றும் நஞ்சு.

வாலடியில் முடி கொட்டுவதைப் பார்த்தால் தெள்ளின் எச்சில் உங்கள் நாய்க்கு ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படியானால் ஓரிரு கடியே போதும், அரிப்பு பல நாள் நீடிக்கும். அதற்குத் தனி மருந்து தேவைப்படும் என்பதால் நேரில் காட்டிவிடுங்கள். மலத்திலோ ஆசனவாய் ஓரத்திலோ அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள் தென்பட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிக்கும்போது தெள்ளை விழுங்குவதால் வரும் நாடாப்புழு அது. தெள்ளு மருந்துக்கு அது கட்டுப்படாது, பிராசிகுவாண்டெல் என்ற புழுமருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.